டீச்சருக்கு லீவுதானே!

அத்தியாயம் 11

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். முன்னாலேயே தெரிந்தவர்கள் செத்த நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிமேகலை டீச்சருக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாகத் திண்டுக்கல்லில் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலை. அவளிடம் அரிச்சுவடி படித்தவர்கள் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு பைக்கில் போகிறார்கள். அவளைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டி வணக்கம் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். பல வருஷம் வேலை பார்த்தவர்களும் எழுதித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. தேறாவிட்டால் வேலை நிலைக்காது.

இந்தச் சமாச்சாரம் வீட்டில் அவளுக்கும் அவள் கணவர் ராமருக்கும் மட்டும்தான் தெரியும். "டீச்சருக்கே பரீட்சையான்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்க. வெளியில மூச்சு விடாத" என்று ராமர் சொன்னார். அவளும் விடவில்லை. மே மாசம் முழுக்க லீவு, உட்கார்ந்து படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அதே ராமர், லீவு விட்ட மறுநாளே 'எரியோடு சொந்தங்கள்' என்கிற குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். 'மேகலைக்கு லீவுதானே. பிள்ளைகளை அனுப்பி வைங்க. லீவை உபயோகமாக் கழிக்கட்டும்.'

எரியோட்டில் இருக்கிற அவர் தங்கை சண்முகவள்ளி, தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் துணிப்பையோடு பஸ் ஏற்றிவிட்டாள். மூத்தவள் கௌசல்யாவுக்குப் பதினைந்து வயது. விக்னேஷ்குமாருக்குப் பதினொன்று. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள் கௌசல்யா. அவள் தம்பி இருக்கிற இடத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

வந்தவர்களுக்கு எதையாவது சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று டீச்சர் முதல் நாள் நடத்தியது செல்போன் பாடம். "யார் கேட்டாலும் ஓடிபி நம்பரைச் சொல்லக்கூடாது. தெரிஞ்சவங்க குரல்லயே பேசுவாங்க. போன்ல சார்ஜ் இல்லம்பாங்க. சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்துவாங்க. நம்பக்கூடாது." விக்னேஷ்குமார் அதைப் பத்துத் தடவை எழுதிக் காட்டி 'வெரி குட்' வாங்கினான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இன்றைக்கு நடந்தது.

காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு கட்டு முருங்கைக்காயைத் தோளில் சாத்திக்கொண்டு சண்முகவள்ளி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரட்டைப் பையன்கள் இறங்கினார்கள். எட்டு வயது இருக்கும். இறங்கின வேகத்தில் ஒருத்தன் இன்னொருத்தனைக் கீழே தள்ளினான்.

"வா வள்ளி. இவங்க யாரு?"

"எங்க கொழுந்தனார் பிள்ளைக மதினி. வீட்டுல அடங்க மாட்டேங்குதுக. நம்ம பிள்ளைக மட்டும் படிச்சாப் போதுமா? இதுகளையும் செத்தத் திருத்தி விடுங்க. உங்களுக்கு லீவுதானே."

"எத்தனை நாளைக்கு?"

"ஸ்கூலு தெறக்குற வரைக்குந்தான்!"

'தான்' என்கிறாள் பாருங்கள். முழுசாக மூன்று வாரம் பாக்கி இருக்கிறது.

மணிமேகலைக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டாள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல வள்ளி."

"என்னத்தக் கேக்க? நீங்கதானே ஆண்டு விழாவுல பேசுனீங்க, 'விடுமுறை என்பது விதைக்கும் காலம், அதை வீணாக்காதீர்கள்'னு. அண்ணன் வீடியோ எடுத்துப் போட்டுச்சு. நான் எங்க தெருவுக்கே போட்டுக் காமிச்சேன். எங்க கொழுந்தனாரு அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளை அனுப்புறேன்னாரு."

அந்தப் பேச்சை ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதே மணிமேகலைதான். கைதட்டலும் வாங்கினாள். அது இப்படி இரண்டு கால், இரண்டு கை முளைத்து, அதுவும் ஜோடியாக வீட்டுக்கு வரும் என்று யார் கண்டார்கள்?

வள்ளி முருங்கைக்காயை அடுப்படியில் போட்டுவிட்டு, தோள்பையைத் தட்டிக் காட்டினாள். "இன்னொரு நல்ல சேதியும் இருக்கு மதினி. இப்பச் சொல்ல மாட்டேன். அண்ணனையும் உங்களையும் சேத்து நிக்க வச்சு, தாம்பாளத்துல வச்சுத்தான் குடுப்பேன்." பைக்குள் மஞ்சள் தடவிய கவர் ஒன்று தெரிந்தது. எரியோட்டில் அவர்கள் வீடு கட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. என்ன சேதி என்று கேட்கிற நிலைமையில் மணிமேகலை இல்லை.

ராமர் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தார். அவருக்குச் சொட்டுநீர்ப் பைப் கடை. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற அநியாயத்துக்குச் சாட்சி கிடைக்காது, அதுதான் சிக்கல். இரட்டையர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஏலே, இன்னும் ரெண்டு பேரா! வாங்கடா, மாமா உங்களை எல்லாம் ஆத்தூர் டேமுக்குக் கூட்டிட்டுப் போறேன்." பிறகு மணிமேகலையின் பக்கம் குனிந்து தணிந்த குரலில், "உனக்காகத்தான். நான் இதுகளை இழுத்துட்டுப் போயிட்டா நீ நிம்மதியாப் படிக்கலாம்ல."

"அது இருக்கட்டும். அப்ளிகேஷன் என்னாச்சு? போன வாரமே போடுறேன்னீங்க."

"அதான் சொன்னேனே. முடிஞ்ச மாதிரிதான்."

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாராவது 'முடிஞ்ச மாதிரிதான்' என்று சொன்னால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள். முடிந்திருந்தால் முடிந்தது என்பார்கள். அந்த 'மாதிரி'யில்தான் எல்லா வேலையும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மணிமேகலை எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு அப்போது வீடு காலியானால் போதும் என்றிருந்தது. நான்கு பிள்ளைகளும் ஆம்னி வேனில் ஏறி, வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினாள். வள்ளி மட்டும் வெயில் ஒத்துக்காது என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

வீடு காலியாகவில்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"மதினி, மதியச் சோத்துக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம்?"

"எதாவது வைப்போம் வள்ளி."

மணிமேகலை தேர்வுக் கையேட்டை ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துக்கொண்டு படித்தாள். நாற்பத்தாறு வயதில், சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒளித்துப் படிக்கிற கேவலம் யாருக்காவது வந்திருக்கிறதா? மாதிரி வினாத்தாளில் குழந்தை உளவியல் பகுதி. 'கூச்சலிடும் குழந்தையை ஆசிரியர் எவ்வாறு அணுக வேண்டும்?' நான்கு விடைகள் இருந்தன.

"மதினி, முருங்கைக்காயைப் பொரிச்சிடவா, குழம்புல போடவா?"

"குழம்புல."

"தேங்கா எங்க இருக்கு?"

எழுந்து போய்த் தேங்காய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து விடையைக் குறித்தாள். தப்பு. அதற்கு அடுத்ததும் தப்பு. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின் கூட்டிப் பார்த்தாள். தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு எட்டுக் குறைந்தது. ஒரு வாரமாக அந்த எட்டு நகரவே இல்லை. பாடம் தெரியாமல் இல்லை. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காரவிட ஆள் இல்லாததால்தான் அந்த எட்டு.

மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. அவளோடு வேலை பார்க்கும் அல்போன்சா டீச்சர்.

"மணி, உங்க அப்ளிகேஷன் நம்பரைக் குறிச்சு வச்சுக்கிட்டீங்கள்ல? இன்னைக்கு அஞ்சு மணியோட சைட்டை மூடுறாங்க. நம்ம ஸ்கூல்ல எல்லாரும் போட்டாச்சு. உங்களது மட்டும் லிஸ்டுல காணோமேன்னு கேட்டேன்."

மணிமேகலை லைனைத் துண்டித்தாள். உடனே ராமருக்கு அடித்தாள். நாலாவது தடவை எடுத்தார். பின்னால் ஒரே தண்ணீர்ச் சத்தம், பிள்ளைகள் சத்தம்.

"அப்ளிகேஷன் நம்பர் என்னங்க?"

"நம்பரா? ரிஜிஸ்டர் பண்ணியாச்சுப்பா. போட்டோ, சர்டிபிகேட்டு அதெல்லாம் ஏத்தணும், அம்புட்டுத்தான். முடிஞ்ச மாதிரி..." அங்கேயே லைன் அறுந்தது. பிறகு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல்.

சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். வள்ளி கூடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"எங்க மதினி இந்த வெயில்ல?"

"ஜெராக்ஸ் எடுக்க."

"லீவுலயுமா?"

மணிமேகலை கதவைச் சாத்தினாள். கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

நைனா முகமதுவின் நெட் சென்டர் இரண்டு தெரு தள்ளி. அவர் மகள் மணிமேகலையிடம் படித்தவள். டீச்சர் மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்து, ஜெராக்ஸுக்கு நின்ற ஆட்களை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டார். மணி நாலாகப் பத்து நிமிஷம்.

"ரிஜிஸ்டர் பண்ணிருக்கு டீச்சர். உள்ள போகணும்னா ஓடிபி கேக்குது. நம்பர் கடைசி ரெண்டு ஸ்தானம் நாப்பத்தொண்ணு."

நாற்பத்தொன்று ராமருடைய நம்பர். பதிவு செய்யும்போது பழக்கதோஷத்தில் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கேஸ் சிலிண்டருக்கு அவர் நம்பர். ரேஷன் கார்டுக்கு அவர் நம்பர். அவள் சம்பளம் வருகிற பேங்குக்கும் அவர் நம்பர். பரீட்சை எழுதப் போகிறவள் இவள், அதற்கும் அவர் நம்பர்.

போனை எடுத்தாள். ஒரு வாரமாக விக்னேஷ்குமார் கேம் விளையாடி விளையாடி அதில் சார்ஜ் நிற்பதே இல்லை; ராமருக்கு அடித்ததில் மிச்சமும் தீர்ந்து அணைந்து கிடந்தது.

"என் போன்ல பேசுங்க டீச்சர்" என்று நைனா முகமது நீட்டினார். அவளுடையதை வாங்கிச் சார்ஜில் போட்டார்.

புருஷன் நம்பர் மனப்பாடம். அடித்தாள். இந்தத் தடவை மணி அடித்தது.

"ஹலோ, யாரு?" விக்னேஷ்குமார் குரல்.

"விக்னேஷ், அத்தை பேசுறேன். மாமாகிட்ட குடு."

"எந்த அத்தை?"

"மேகலை அத்தைடா."

"இது அத்தை நம்பர் இல்லையே."

"என் போன்ல சார்ஜ் இல்லப்பா. கடைக்காரர் போன்ல பேசுறேன். மாமா எங்க?"

"தண்ணிக்குள்ள நிக்கிறாங்க."

"சரி, நீயே பாரு. மாமா போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர் இருக்கும். அதை அத்தைக்குச் சொல்லு. சீக்கிரம்."

அந்தப் பக்கம் போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறி வந்தது. "ஓடிபியா?"

"ஆமா சாமி, அதான்."

"சொல்ல மாட்டேன்."

"ஏலே!"

"எங்க அத்தை சொல்லிக் குடுத்திருக்காங்க. தெரிஞ்சவங்க குரல்லயே பேசுவாங்க, சார்ஜ் இல்லம்பாங்க, சீக்கிரம்பாங்கன்னு. நீங்க மூணையும் சொல்லிட்டீங்க."

"அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டா!"

"அப்படியும் சொல்லுவீங்க. சரி, எதுக்கு ஓடிபி?"

மணிமேகலை சுற்றிலும் பார்த்தாள். ஜெராக்ஸுக்கு மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தர் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அப்பா. குரலைத் தாழ்த்தினாள்.

"பரீட்சைக்கு."

"யாருக்குப் பரீட்சை?"

இத்தனை மாசத்தில் இந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "எனக்கு" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. "எனக்குத்தான்டா பரீட்சை!" என்று கத்தினாள். கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

போனில் ஒரு சிரிப்பு. "எங்க அத்தை டீச்சரு. டீச்சருக்கு எவன் பரீட்சை வைப்பான்? நல்லா மாட்டுனீங்க!" கட் செய்துவிட்டான். மறுபடி அடித்தால் போகவில்லை. பிளாக். நைனா முகமது தன் இன்னொரு நம்பரில் இருந்து அடித்துப் பார்த்தார். "அதே கூட்டமா?" என்றொரு சத்தம், அதுவும் பிளாக்.

சிரிப்பு வருகிறதா? நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். மணிமேகலைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தப் பையன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இந்த லீவில் அவள் ஒழுங்காக நடத்திய ஒரே பாடம் அது. அதை அவன் எழுத்துப் பிசகாமல் படித்திருக்கிறான்.

நாலே காலுக்கு அவளுடைய போன் உயிர் வந்து கண் விழித்தது. விழித்ததும் டிங், டிங் என்று குரூப்பில் வரிசையாக விழுந்தது. முதலில் ராமர் போனில் இருந்து விக்னேஷ்குமாரின் குரல் பதிவு. காதில் வைத்தாள்.

"எல்லாரும் கேளுங்க! மாமா போனுக்கு ஒரு ஃபிராடு பொம்பளை போன் பண்ணுச்சு. அப்படியே மேகலை அத்தை குரல். டீச்சருக்குப் பரீட்சையாம், ஓடிபி சொல்லணுமாம். நான் பிளாக் பண்ணிட்டேன்!"

அதற்குக் கீழே வள்ளியின் புருஷன் ஆனந்த்ராஜ் கைதட்டும் படம் போட்டிருந்தார். ராமரின் தம்பி பழனிக்குமார், 'டீச்சருக்குப் பரீட்சையா! இன்னைக்கு இதைவிட ஜோக் கிடையாது' என்று எழுதியிருந்தான்.

அதற்கும் கீழே ராமர். அவரே எழுதியிருந்தார். 'சபாஷ் விக்னேஷ். உங்க அத்தை சொல்லிக் குடுத்தது வீண் போகல.' கூடவே மூன்று சிரிக்கிற முகங்கள்.

மணிமேகலை அந்த மூன்று முகங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்களுக்குத் தெரியாது, சிரிக்கிறார்கள். இவருக்குத் தெரியும். அந்தக் குரல் யாருடையது, அந்தப் பரீட்சை யாருக்கு, அந்த நம்பர் எதற்கு என்று மொத்தமும் தெரிந்த ஒரே ஆள் இவர். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

போன் அடித்தது. ராமர்தான். திரையில் அவர் பெயர் மின்னிக்கொண்டே இருந்தது.

"எடுங்க டீச்சர், சாரே கூப்புடுறாரு" என்றார் நைனா முகமது. "ஓடிபியை வாங்கிட்டா டக்குன்னு முடிஞ்சிரும்."

"வேணாம் பாய். புதுசா முதல்ல இருந்து போட முடியுமா? என் நம்பர்ல?"

"போடலாம். ஆனா இம்புட்டு நேரந்தான் இருக்கு. கடைசி நாளு, சைட்டு இழுக்குது. இதுன்னா முடிஞ்ச மாதிரி டீச்சர்."

"முடிஞ்ச மாதிரி எனக்கு வேணாம் பாய். முடியணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். புதுப் பக்கத்தைத் திறந்தார்.

பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த நாள். போன் நடுவில் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. கைபேசி எண் என்று கட்டம் வந்தபோது மணிமேகலை தன்னுடைய பத்து எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு படிவத்தில் தன் நம்பரைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. மேசையில் இருந்த அவள் போன் டிங் என்றது. ஆறு எண். அதை அவளே படித்துச் சொன்னாள்.

போட்டோ ஏறியது. கையெழுத்து ஏறவில்லை. பக்கம் உறைந்து நின்றது. மணி நாலு ஐம்பது. நைனா முகமது வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். ஜெராக்ஸுக்கு வந்த ஆட்கள் போகாமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா, "எங்க வீட்டுக்காரிக்கும் இதேதான் டீச்சர். அவளும் வெளிய சொல்லாமத்தான் படிக்கிறா" என்றார். மணிமேகலை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலு ஐம்பத்தாறுக்குப் பக்கம் அசைந்தது. கட்டணம் போனது. 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. பிரிண்டர் சூடாக ஒரு தாளைத் துப்பியது.

அவள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று, குரூப்பில் குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"நான் மணிமேகலை பேசுறேன். அந்த ஃபிராடு பொம்பளை நான்தான். பரீட்சையும் எனக்குத்தான். தேறலைன்னா எனக்கு வேலை இல்ல. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க எனக்குச் சொல்லுங்க."

வீட்டுக்குள் நுழைந்தபோது வள்ளி கையில் போனோடு அடுப்படி வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நெசமா மதினி?"

"நெசந்தான்."

"அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலையே. லீவுன்னுதானே சொல்லுச்சு. தெரிஞ்சிருந்தா நான் பிள்ளைகளை அனுப்பியிருப்பனா?"

"உங்க அண்ணன் சொன்னாரு, சரி. என்கிட்ட ஒரு தடவை கேட்டியா வள்ளி? காலையில ரெண்டு பிள்ளைகளைக் கொண்டாந்து இறக்குறப்பவாவது கேட்டியா?"

வள்ளி அடுப்படிக்குள் போனாள். டீ போட்டுக் கொண்டுவந்து மணிமேகலையின் முன்னால் வைத்தாள். இந்த ஒரு வாரத்தில் யாரோ போட்ட டீயை மணிமேகலை குடிப்பது அதுதான் முதல் தடவை. அதைக் குடித்தபோதும் ஆத்திரம் குறையவில்லை.

ஆறரைக்கு ஆம்னி வேன் வந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் இறங்கினார்கள். விக்னேஷ்குமார் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ராமர் கடைசியாக வந்தார். கையில் ஒரு கவர்.

"டேம் மீனு" என்றார். "உனக்குப் பிடிக்குமேன்னு கட்லாவா பாத்து வாங்கியாந்தேன்."

"யாரு கழுவுறது?"

"மேகலை..."

"கேக்குறேன்ல. இதை யாரு ஆயுறது, யாரு குழம்பு வைக்கிறது?"

ராமர் கவரைக் கீழே வைத்தார். "சிக்னலே இல்லப்பா அங்க. தண்ணியை விட்டு வெளிய வந்து பாத்தா இவன் குரூப்புல போட்டுட்டான். மாப்பிள்ளை, தம்பி எல்லாம் இருக்குற எடம். எனக்கு டக்குன்னு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் உனக்கு மூணு தடவை அடிச்சேன்."

"முதல்ல சிரிச்சீங்க. அப்புறம் அடிச்சீங்க."

"அது அத்தை குரல்தான்னு நான் சொன்னேன் மாமா" என்றது ஒரு மெல்லிய குரல். கௌசல்யா. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். "நீங்க சபாஷ் போடுறதுக்கு முன்னாடியே சொன்னேன். நீங்க சும்மா இருன்னு சொல்லிட்டீங்க."

ராமர் மீன் கவரைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

மணிமேகலை அவர் பக்கம் திரும்பினாள். "என்னைய டீச்சர்னு ஊருக்கெல்லாம் காட்டணும் உங்களுக்கு. பேசுனா வீடியோ எடுக்கணும். நாலு பிள்ளைகளைக் கூட்டியாந்து விட்டு என் சம்சாரம் பாத்துக்குவான்னு பெருமை அடிக்கணும். ஆனா அந்த டீச்சர் உக்காந்து படிக்கிறது மட்டும் உங்களுக்கு அவமானம். ஏங்க, பரீட்சை எழுதுறது அவமானமா? நான் தினமும் முப்பத்தஞ்சு பிள்ளைகளுக்கு அதைத்தானே வைக்கிறேன்!"

யாரும் அசையவில்லை. இரட்டையர்கள்கூட.

அவள் விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டாள். அவன் அடி விழும் என்று நினைத்தே வந்தான். "நீ செஞ்சது சரி" என்றாள். "நாளைக்கு நானே கேட்டாலும் சொல்லாத." அவன் அழ ஆரம்பித்தான்.

"நாளையில இருந்து ஒன்பது மணிக்கு நான் ரூமுக்குள்ள போயிருவேன்" என்றாள் மணிமேகலை. "ஒரு மணிக்குத்தான் கதவைத் திறப்பேன். பிள்ளைகளை நீங்கதானே வரச் சொன்னீங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. பைப்பை அளக்கட்டும். லீவு உபயோகமாப் போகும்."

தாளை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே டம்ளரை வைத்தாள். ராமர் குனிந்து படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் தேர்வு நாள் என்ற இடத்தில் நின்றார்.

"ஆவணி பதிமூணாம் தேதியா வரும்?" என்றார் மெதுவாக, தங்கையைப் பார்த்து. எரியோட்டு வீட்டுக்கு நாள் குறிக்கும்போது அவரும் கூட இருந்தார்.

வள்ளியின் கை தானாகத் தோள்பையின் மேல் போனது. மஞ்சள் தடவிய கவரை எடுத்தாள். தாம்பாளம் இல்லாமலே, தானே பிரித்து, தானே பார்த்தாள். பார்க்கத் தேவையில்லை. ஐந்நூறு பத்திரிகை அடித்து வந்தாயிற்று. புதுமனை புகுவிழா. அதில் தாய்மாமன் சீர் என்று அச்சடித்து, ராமர், மணிமேகலை என்று இரண்டு பெயர்களையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆவணி பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள்.

"பாத்துக்கலாம்..." என்று ராமர் ஆரம்பித்தார்.

"பாத்துக்கலாம்னு சொல்லித்தான் இன்னைக்கு அஞ்சு மணி ஆச்சு" என்றாள் மணிமேகலை.

வள்ளிக்கும் அது சின்ன விஷயம் இல்லை. ஆறு வருஷமாகக் கட்டின வீடு. அண்ணனும் மதினியும் சீர்த்தட்டு எடுத்து முன்னால் நடக்காமல் பால் காய்ச்சினால் புருஷன் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டாள்.

"மதினி, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அன்னைக்காச்சும் உங்களுக்கு லீவுதானே?"

அவ்வளவு நேரம் கத்திய மணிமேகலை, இதை மட்டும் கத்தாமல் சொன்னாள்.

"எனக்கு லீவு இல்ல வள்ளி."

வள்ளி பத்திரிகையை மடித்து மறுபடி கவரில் போட்டாள். அண்ணன் கையிலும் கொடுக்கவில்லை, மேசையிலும் வைக்கவில்லை. பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "துணியை எடுத்து வைங்க" என்றாள்.